கடைசி ஊசி போட்ட நாள் வேறு, மருந்து தீரும் நாள் வேறு

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு வயது 33. கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கள்ளு வண்டி ஓட்டுகிறார், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். ஆறு வயதில் பையன் இருக்கிறான். எனக்கு மனச்சிதைவு நோய் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை வந்தது கல்யாணத்துக்கு முன்பு. மாத்திரையை நானாகவே நிறுத்தியதில், மூன்று வருடத்துக்கு முன் மறுபடியும் வந்தது. அப்போதிலிருந்து கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு பாலிபெரிடோன் ஊசி, 100 மில்லிகிராம். காதில் கேட்ட சத்தங்கள் நின்றன. ஆனால் 16 கிலோ எடை ஏறிவிட்டது. மாதவிலக்கு நின்றுவிட்டது. பையன் பால் மறந்து எத்தனையோ காலம் ஆன பிறகு மார்பில் பால் கசிந்தது. அவன் ஓடி வந்து கட்டிப்பிடித்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஜனவரியில் போட்டதுதான் கடைசி ஊசி. டாக்டரே போதும் என்று சொல்லிவிட்டார் என வீட்டில் பொய் சொல்லிவிட்டேன். இப்போது ஐந்து மாதம். முதல் மூன்று மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. மிச்சமிருந்த பேசிடேன் மாத்திரையை மட்டும் இரண்டு வேளை போடுகிறேன். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. மில்லில் கணக்கு எழுதும்போது மறதி. சில ராத்திரி, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. ஊசி என் உடம்பையும் மூளையையும் நிரந்தரமாகக் கெடுத்துவிட்டதா? எத்தனை மாதத்தில் சரியாகும்? டாக்டரிடம் போனால் மறுபடியும் ஊசிதான் போடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அம்மணி, "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு போன பிறகு, விடிவதற்குள் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தூக்கமில்லாத மனசுக்கு அது மோசமான நேரம். அந்த நினைப்பு "எப்படி", "எப்போது" என்று போகத் தொடங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அருகில் இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம்.

நீங்கள் ஊசியை நிறுத்தியது ஜனவரியில். உங்கள் உடம்பை விட்டு மருந்து போவது இப்போதுதான் முடிந்துகொண்டிருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நீண்ட நாள் ஊசிகளில் பழைய வகை எல்லாம் எண்ணெயில் கரைத்தவை. ப்ளூபெனசின், ஹாலோபெரிடால் டெக்கனோயேட் ஊசிகளில் மருந்தைச் சுமப்பது நல்லெண்ணெய். ப்ளூபென்திக்சால் ஊசியில் தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மெல்லிய எண்ணெய். உங்கள் ஊசி வேறு வகை. எளிதில் கரையாத நுண்ணிய பொடியைத் தண்ணீரில் கலக்கித் தசைக்குள் போடுகிறார்கள். பொடி அங்கேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே 25 முதல் 49 நாள் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த பாதி குறைய இன்னொரு அத்தனை நாள். அந்தக் கணக்கில் ஐந்து மாதம் முடியும்போது சிலருக்கு எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும், சிலருக்கு அறுபதில் ஒரு பங்குதான் இருக்கும்.

அப்படியானால் முதல் மூன்று மாதம் ஏன் ஒன்றும் தெரியவில்லை? மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வந்து உட்கார வேண்டிய இடங்களில் மருந்து முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 50 சீட்டில் உட்கார்ந்தவர்கள் போக இன்னும் 50 பேர் நிற்கிறார்கள். வழியில் 40 பேர் இறங்கினாலும், நின்றவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள், ஒரு சீட்டும் காலியாகாது. சீட் காலியாவது கடைசி ஊர்களில்தான், அதுவும் மளமளவென்று. மருந்தும் அப்படித்தான். அளவு பாதியாகும்போது தெரியாத மாற்றம், கடைசிக் கொஞ்சம் போகும்போது தெரிகிறது. உங்களுக்குத் தூக்கம் கெட்டதும் கால் துடித்ததும் அழுகை வந்ததும் நான்காம் மாதத்துக்குப் பிறகு என்பது இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "அப்பாடா, மருந்து போகிறதால் வரும் தொல்லைதான், நோய் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். இதே காலத்தில்தான் நோயும் திரும்பி வரும். பாலிபெரிடோனை மாத்திரையாகவும், மாத ஊசியாகவும், மூன்று மாத ஊசியாகவும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2017-ல் ஒரு ஒப்பீடு வெளியானது. பாதிப் பேருக்கு நோய் திரும்ப ஆன காலம், மாத்திரைக்காரர்களுக்கு 58 நாள், மாத ஊசிக்காரர்களுக்கு 172 நாள், மூன்று மாத ஊசிக்காரர்களுக்கு 395 நாள். 172 நாள் என்பது ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் நிற்பது ஐந்தாம் மாதத்தில். "ஐந்து மாதம் தாண்டிவிட்டேன்" என்று உங்களுக்குள் ஒரு நிம்மதி இருக்கலாம். அதை நான் கெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. தாண்டியதாகக் கணக்கு வைக்கும் இடம் இது இல்லை, விழித்திருக்க வேண்டிய இடம்.

இதைப் புத்தகத்தில் படித்ததால் மட்டும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஊசி போடுவதை விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்றார். முகத்தில் களை இருந்தது. நானும் மகிழ்ந்துபோய், மருந்தில்லாமல் நலமாக இருக்கிறார் என்று சீட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து அவரைப் பார்த்தது நான்கு பேர் பிடித்துக்கொண்டு வந்தபோது. அவர் மருந்தில்லாமல் நலமாக இருந்ததாக நான் எழுதிய அன்று அவர் உடம்பில் மருந்து இருந்தது. அந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும். அவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்திருந்தால் முன்கூட்டியே பிடித்திருக்கலாம்.

எது விலகல் தொல்லை, எது நோய் திரும்புவது என்று எப்படிப் பிரிப்பது? ரத்தப் பரிசோதனை கிடையாது. நான் பார்த்தவரை, மருந்து விலகுவதால் தூக்கம் கெட்டவர், "தூங்கணும், முடியலையே" என்று தவிப்பார். நோய் திரும்புகிறவருக்குத் தூக்கம் குறையும், அதைப் பற்றிய தவிப்பும் குறையும். அதற்குப் பதிலாக ஒரு நிச்சயம் கூடும். பக்கத்துத் திண்ணையில் பேசுவது தன்னைப் பற்றித்தான், பஸ் ஹாரன் தனக்குத்தான், சாம்பாரில் ருசி மாறியிருக்கிறது என்பது போல. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எது உங்களைத் துன்புறுத்துகிறது என்று உங்களுக்கே தெரிகிறது, வரிசையாக எழுதியும் இருக்கிறீர்கள். அது நல்ல அடையாளம். ஆனாலும் ஒரு மாதம் தூங்காமல் இருப்பதே நோயை இழுத்து வரும். ஆகவே இந்தத் தூக்கத்துக்கு இந்த வாரமே வைத்தியம் வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதோ, கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று கொஞ்சம் கள் குடித்துப் பார்ப்பதோ வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நோய் முற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிவியை அணைத்தீர்களா, ஜன்னலைச் சாத்தினீர்களா, யார் மேல் முதலில் சந்தேகம் வந்தது? ஒவ்வொருவருக்கும் நோய் தன் பழைய வழியிலேயே திரும்பி வருவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இது உங்களைவிட உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

இனி உடம்பு. மாதவிலக்கு நின்றதும் பால் கசிந்ததும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியதால்தான் பெரும்பாலும். டோபமினின் வேலைகளில் ஒன்று புரோலாக்டினை அடக்கி வைப்பது. டோபமினை மருந்து தடுக்கும்போது அது ஏறிவிடுகிறது. ரிஸ்பெரிடோனும் அதன் உறவான பாலிபெரிடோனும் இதை மற்ற பல மருந்துகளைவிட அதிகம் செய்யும். மருந்து தீரத் தீர இது இறங்கும், பெரும்பாலோருக்கு மாதவிலக்கு திரும்பும். நிரந்தரக் கேடு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருமுட்டை முதலில் வெளிவரும், ரத்தப்போக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் மாதவிலக்கு வராத இந்த நாட்களிலும் கரு உண்டாகலாம். முதலில் மருந்துக் கடையில் கிடைக்கும் அட்டையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துபாருங்கள். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் தடுப்பு முறை அவசியம். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று தெரிந்தால், காலையில் வெறும் வயிற்றில் புரோலாக்டின், தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே தொல்லைகள் வரும். தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ இருந்தால் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் மாதவிலக்கு இல்லாமல் இருந்தால் எலும்பும் மெலியும், ஆகவே "வரும்போது வரட்டும்" என்று விட்டுவிடக் கூடாது.

எடை ஊசியோடு வந்தது, ஊசியோடு தானாகப் போகாது. மூன்று மாத சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். மிச்சம் நடையிலும் தட்டிலும் மெதுவாக ஆகும் வேலை.

மறதிக்கு நீங்கள் ஊசியைக் குறை சொல்கிறீர்கள். எனக்கு அந்தப் பேசிடேன் மேல் சந்தேகம். ட்ரைஹெக்ஸிபெனிடில் என்ற அந்த மருந்து ஊசியால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது. வாயை உலர்த்தும், கண்ணை மங்கச் செய்யும், ஞாபகத்தைக் குறைக்கும், சிலருக்குத் தூக்கத்தையும் கெடுக்கும். கால் துடிப்புக்கு அதனால் பெரிதாகப் பயன் இருப்பதில்லை. ஊசி மருந்து உடம்பில் தீர்ந்துவிட்டால் பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது. ஆனால் இதையும் ஜனவரியில் செய்ததுபோல ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும். கால் துடிப்புக்கு வேறு மருந்து இருக்கிறது. ஆஸ்துமா இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் வழக்கமாகக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இன்னொன்று: உதடு, நாக்கு, தாடை உங்களை அறியாமல் அசைகிறதா என்று கண்ணாடி முன் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். மருந்து குறையும்போது முதன்முதலாக வெளியே தெரியும் அசைவு அது. சிலருக்குத் தானாக அடங்கும், சிலருக்குத் தங்கிவிடும். சீக்கிரம் காட்டினால் நல்லது.

பையன் கட்டிப்பிடித்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். மருந்தும் இப்படிச் செய்யும், இந்த நோயும் செய்யும், மனச்சோர்வும் செய்யும். உங்களுக்கு எது எத்தனை பங்கு என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. ஒன்று சொல்லலாம். உணர்ச்சி திரும்பும்போது சந்தோஷம் முதலில் வருவதில்லை. அழுகையும் எரிச்சலும்தான் பல பேருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். சந்தோஷம் பிறகு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று வந்து போகும். இதற்கு மாதக் கணக்கு ஆகும். ஆனால் காரணமில்லாத அழுகையும் "இருந்து என்ன" என்ற நினைப்பும் சேர்ந்து நிற்பதால் மனச்சோர்வு இருக்கிறதா என்று நேரில் பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் அதற்குத் தனியே வைத்தியம் உண்டு.

இனி, மருந்தே இல்லாமல் இருக்கலாமா என்ற கேள்வி. நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. 2012-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வில் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 7 முதல் 12 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 27 பேர், மருந்தில்லாதவர்களில் 64 பேர். இங்கிலாந்தில் 253 பேரை வைத்து நடந்த ராடார் ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் மருந்தை மெதுவாக, மருத்துவர் கண்காணிப்பில் குறைத்தார்கள். அப்படியிருந்தும் இரண்டு வருடத்தில் கடுமையாக நோய் திரும்பியது 100-க்கு 25 பேருக்கு. பழையபடி மருந்தைத் தொடர்ந்தவர்களில் 13 பேருக்கு. ஆக ஆபத்து உண்மை. எல்லோருக்கும் திரும்பிவிடுவதில்லை என்பதும் உண்மை. யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்லும் வழிதான் இல்லை.

உங்களுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டாம் தடவை மருந்தை விட்டதால் வந்தது. அதனால் என் மகளாக இருந்தால் நான் என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன்: இந்த ஆறேழு மாதத்தை மருந்தே இல்லாமல் கடக்க வேண்டாம். அதே ஊசிக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். புரோலாக்டினை ஏற்றாத மாத்திரைகள் உண்டு. அரிபிப்ரசோல் அப்படி ஒன்று, அது ஏறியதை இறக்கவும் செய்யும். ஆனால் கால் துடிப்பை அது கூட்டக்கூடும், உங்களுக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை இருக்கிறது, ஆகவே குறைந்த அளவில் யோசித்துத்தான் தொடங்குவார்கள். ஒரு வருடமாவது நிலையாக இருந்த பிறகு குறைக்க ஆசைப்பட்டால், அப்போது மெதுவாக, முடிவு நெருங்க நெருங்க இன்னும் சின்னச் சின்னப் படியாகக் குறைக்கலாம். பஸ்ஸில் கடைசி சீட்டுகள் மளமளவென்று காலியாவதைச் சொன்னேனே, அதற்காகத்தான்.

டாக்டரிடம் போனால் கையைப் பிடித்து ஊசி போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். சொன்னதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கும்வரை, உங்கள் சம்மதம் இல்லாமல் வைத்தியம் செய்யக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நாளைக்கு அந்த நிலை இல்லாமல் போனால் எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், எது வேண்டாம், யார் உங்களுக்காகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் அது உரிமை தருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான். ஊசி வேண்டாம் என்பதை நீங்கள் தெளிவாகச் சொல்லலாம். நிறுத்திவிட்டேன் என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். கோயமுத்தூர் தூரம், செலவு என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறது. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எந்த நாள் என்று ஆஸ்பத்திரியிலேயே போன் செய்து கேளுங்கள். ஊரில் தெரிந்துவிடும் என்று ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் ஆசா பணியாளரிடம் கேட்கத் தயங்கினால் இது போதும். அங்கே மலையாளத்தில் எழுதிய சீட்டு, இங்கே தமிழ்நாட்டுச் சீட்டு என்று இரண்டு உலகமாகக் கிடக்காமல், இருப்பதையெல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசி ஊசியின் தேதியும் அளவும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பொய். அதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. உடம்பு இத்தனை மாறியும் யாரும் காது கொடுத்துக் கேட்காதபோது மனிதர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யால் உங்கள் வீட்டில் காவல் இல்லாமல் போய்விட்டது. நோய் திரும்பினால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர், டாக்டரே நிறுத்திவிட்டார் என்று நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் வண்டி எடுக்காத ஒரு நாளில், பையன் தூங்கின பிறகு சொல்லுங்கள்: "டாக்டர் நிறுத்தலை, நான்தான் நிறுத்தினேன். மாதவிலக்கு வராததும், உள்ளே மரத்துப்போனதும் தாங்க முடியலை. இப்ப தூக்கம் வரலை, பயமா இருக்கு. கத்தாதீங்க, என்கூட டாக்டர்கிட்ட வாங்க." அவர் முதலில் கோபப்படலாம். அன்றைக்கு விவாதம் வேண்டாம். நீங்கள் எழுதிய அந்தத் தாளைக் கொடுத்து, இதில் ஏதாவது ஒன்று என்னிடம் தெரிந்தால் மறுநாளே என்னை அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், டாக்டரைப் பார்த்துவிடுங்கள். முடிவு வந்ததும் புரோலாக்டின் அளவோடு எனக்கு எழுதுங்கள்.